ஃபுட் ஸ்டாம்ப் வாங்குபவருக்கு வேலை கொடுத்தால் நம் வரி குறையுமா?

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் இருந்து ஒரு வாசகர் 2025 செப்டம்பர் 22 அன்று எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்துவிட்டேன். கடிதத்தைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன். (ஃபுட் ஸ்டாம்ப் என்பது வருமானம் குறைந்த குடும்பங்கள் உணவுப் பொருள் வாங்க அமெரிக்க அரசு கார்டில் போட்டுத் தரும் உதவி.)

"வணக்கம் சார். நானும் என் நண்பரும் சேர்ந்து இங்கே ஒரு டிபன் கடை நடத்துகிறோம். எஸ் கார்ப்பரேஷன் (லாபமும் வரியும் பங்குதாரர்கள் பெயரிலேயே போகும் வகைக் கம்பெனி). எனக்கு 60 சதவீதம், அவருக்கு 40. அவர் டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறார், பணம் போட்டதோடு சரி. கடையில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஆகஸ்ட் 18ஆம் தேதி கல்லாவுக்கு 27 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தோம். போன வாரம் பக்கத்து மளிகைக் கடையில் அவர் ஃபுட் ஸ்டாம்ப் கார்டைத் தேய்ப்பதை என் மனைவி பார்த்திருக்கிறாள். அதே வாரம் ஓர் ஏஜென்சியில் இருந்து போன் வந்தது. அரசு உதவி வாங்குபவர்களை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 9,600 டாலர் வரை வரி குறையும், எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம், கிடைப்பதில் கால்வாசி கொடுத்தால் போதும், படிவத்தில் பழைய தேதி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். இது உண்மையா? தேதிதான் பிரச்சினை என்றால் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா? தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு 44 வயது, பாத்திரம் கழுவ. இந்த மார்ச் மாதம்தான் சிறையில் இருந்து வந்தார் என்று அவரைப் பற்றிச் சொன்னவர் சொன்னார். என் மனைவிக்குக் கல்லாவை நினைத்துக் கொஞ்சம் பயம். இன்னொருவன் என் அக்கா மகன், படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். இவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?"

அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான். ஒர்க் ஆப்பர்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட் என்று பெயர், சுருக்கமாக டபிள்யூ.ஓ.டி.சி. 2025 டிசம்பர் 31க்குள் வேலையைத் தொடங்கியவர்களுக்குத்தான் அது. ஆனால் உங்கள் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு இருக்கிறது, அவரும் நீங்கள் நினைத்த ஆள் இல்லை. கல்லாப் பெண்ணுக்கு உரியது கையைவிட்டுப் போய்விட்டது. அக்கா மகனுக்குக் கிடையாது. பாத்திரம் கழுவ வரப்போகிறவருக்குக் கிடைக்கலாம். ஏஜென்சிக்காரர் சொன்ன பழைய தேதி யோசனையை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பெண். இந்தச் சலுகையில் பணத்தைவிடத் தேதிதான் பெரிது. 8850 என்று ஒரு படிவம் இருக்கிறது, இரண்டே பக்கம். முதல் பக்கத்தை வேலை கேட்டு வருபவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். "உனக்கு வேலை தருகிறேன்" என்று நீங்கள் சொல்லும் நாளன்று, அல்லது அதற்கு முன்பே, அவர் அதை நிரப்பித் தந்திருக்க வேண்டும். இரண்டாம் பக்கம் உங்களுடையது. அதில் நான்கு தேதிகள் கேட்பார்கள்: விண்ணப்பித்தவர் தகவல் கொடுத்த நாள், வேலை தருவதாகச் சொன்ன நாள், வேலைக்கு எடுத்த நாள், வேலை தொடங்கிய நாள். இந்த வரிசை புரண்டால் மாநிலத் தொழிலாளர் துறை அங்கேயே நிராகரித்துவிடும். பிறகு, வேலை தொடங்கிய நாளில் இருந்து 28 காலண்டர் நாளுக்குள் படிவத்தை அந்தத் துறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 18இல் இருந்து 28 நாள் என்றால் செப்டம்பர் 15. நீங்கள் எனக்கு எழுதியதே 22ஆம் தேதி. அந்தக் கெடுவை விட்டுப் பார்த்தாலும், வேலை தருவதாகச் சொன்ன நாளில் அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு மனுப் போட இதில் வழி இல்லை.

நிறுத்திவிட்டு மறுபடி சேர்ப்பது? ஏற்கனவே உங்களிடம் வேலை பார்த்த ஒருவரைத் திரும்ப எடுத்தால் சலுகை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. இடையில் ஒரு வாரம் விட்டாலும் ஒரு வருடம் விட்டாலும் அதே கதைதான். வரிக்காக ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடுங்குவது நன்றாகவும் இல்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய தேதி போடுவது அதைவிட மோசம். 8850இல் பொய் சொன்னால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதிமொழியின் கீழ்தான் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பெண்ணையும் பொய்க் கையெழுத்துப் போட வைக்கிறீர்கள் என்பதை ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்க மாட்டார். மாட்டினால் அவர் வேறு ஊரில் வேறு பெயரில் கடை போட்டுவிடுவார். நீங்கள் எடிசனிலேயே தோசை சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கார்டைப் பார்த்ததை அந்தப் பெண்ணிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

எல்லாருமே சறுக்கும் இடம் இந்தக் 'கேட்பது'தான். சலுகை என்று காதில் விழுந்ததும் முதலாளிகள் நேர்காணலில் "ஃபுட் ஸ்டாம்ப் வாங்குறீங்களா? ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறார்கள். அப்படிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. 8850இன் முதல் பக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், எழுதியவர் இதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு ஃபுட் ஸ்டாம்ப் வருகிறதா, பணஉதவி வருகிறதா, சிறையில் இருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லையா, எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோர், ஊனமுற்றோருக்கான மத்திய அரசு உதவி) வருகிறதா என்று பல நிலைமைகளை ஒரே கட்டத்துக்குக் கீழே வரிசையாக எழுதிவிட்டு, "இவற்றில் ஏதாவது ஒன்று எனக்குப் பொருந்தும்" என்று ஒரே ஒரு டிக் போடச் சொல்கிறது. எது என்று சொல்ல வேண்டியதில்லை. டிக் போட்டவர் சிறையில் இருந்து வந்தவரா, அம்மாவுக்கு ஃபுட் ஸ்டாம்ப் வாங்குபவரா என்பது அந்தக் காகிதத்தைப் பார்க்கும் உங்களுக்குத் தெரியாது.

அதனால் என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான். வேலை கேட்டு வரும் எல்லாருக்கும், சமையல் மாஸ்டர் முதல் மேஜை துடைப்பவர் வரை, விண்ணப்பத்தோடு சேர்த்து 8850ஐயும் கொடுங்கள். ஆளைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, இவர் ஏழையாக இருப்பார் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். "இது அரசுப் படிவம். விருப்பம் இருந்தால் நிரப்புங்கள், வேலை கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். நிரப்ப மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். டிக் போட்டவர்களில் நீங்கள் வேலைக்கு எடுத்தவரின் படிவத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

வேலைக்கு எடுத்த பிறகு 9061 என்று இன்னொரு படிவம் உண்டு. அதில் விவரம் வந்துவிடும்: உதவி யார் பெயரில் வந்தது, எந்த ஊரில் என்றெல்லாம். அதை ஊழியரே நிரப்பட்டும். நிரப்பியதைப் பூட்டு உள்ள மேஜையில் வையுங்கள். கல்லாவுக்கு அடியில், சப்ளையர் பில்களோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த ஒரு கடையை நான் பார்த்திருக்கிறேன்.

தேதி விஷயத்தில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு லாண்டரிக் கடைக்காரர் கையெழுத்தான 8850ஐ என்னிடம் கொடுத்தார், அனுப்பிவிடுங்கள் என்று. பைக்குள் வைத்தேன். அந்தப் பையோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கல் அன்று மதியம் படுத்திருக்கும்போது ஞாபகம் வந்தது. எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன், 31ஆவது நாள். அவருக்குப் போன 2,400 டாலரை ஈடுகட்ட இரண்டு வருடம் கணக்கு பார்த்ததற்கு நான் கட்டணம் வாங்கவில்லை. அப்போதிருந்து என் அலுவலகத்தில் 8850க்கு மட்டும் தனியாக ஒரு சிவப்பு ஃபைல்.

சரி, பணத்துக்கு வருவோம். கிரெடிட் என்பது வருமானத்தில் கழிக்கும் டிடக்‌ஷன் இல்லை, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிவது. அதனால்தான் இவ்வளவு பேர் துரத்துகிறார்கள். ஏஜென்சிக்காரர் சொன்ன 9,600 பொய் இல்லை, ஆனால் அது உங்கள் கடைக்குப் பொருந்தாத உச்சக் கணக்கு. ராணுவப் பணியில் உடல் ஊனமுற்று, ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்த முன்னாள் படைவீரரை எடுத்தால்தான் அந்தத் தொகை. ஃபுட் ஸ்டாம்ப் வகைக்கும் சிறையில் இருந்து வந்தவர் வகைக்கும் உச்சம் 2,400.

அது எப்படி வருகிறது என்றால், முதல் வருடச் சம்பளத்தில் முதல் 6,000 டாலரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவர் 400 மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால் அதில் 40 சதவீதம். 120இல் இருந்து 399 மணி வரை என்றால் 25 சதவீதம். 120க்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. நியூ ஜெர்சியில் 2025ஆம் வருடக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். ஆறு பேருக்கும் குறைவாக உள்ள சிறு கடைகளுக்குக் கொஞ்சம் குறைவு, உங்களுக்கு அது பொருந்தாது. 15.49ஐ 400ஆல் பெருக்கினால் 6,196. அதாவது 400 மணியைத் தொடும்போதே 6,000 உச்சமும் நிரம்பிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் 399 மணியில் நின்றுவிட்டால் உங்களுக்கு 1,500. இன்னும் ஒரே ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் 2,400. அந்த ஒரு மணிக்கு விலை 900 டாலர்!

இதைத் தெரிந்துகொண்டு ஆளை 400 மணி வரை இழுத்துப் பிடித்து அப்புறம் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அது தனிக் கதை. எதிர்ப்பக்கமும் உண்டு. சம்பளம் கூடினால் ஃபுட் ஸ்டாம்ப் குறையும் என்பதால் சில ஊழியர்களே "வாரம் 20 மணிக்கு மேல் வேண்டாம்" என்பார்கள். வாரம் 20 மணி என்றாலும் இருபது வாரத்தில் 400 வந்துவிடும், வற்புறுத்தத் தேவையில்லை. நீங்கள் கிரெடிட் வாங்குவதால் அவருடைய உதவித் தொகைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதையும் அவர் கேட்டால் சொல்லுங்கள்.

அந்த 6,000 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். 1978இல் இதற்கு முன்னோடியாக வேறு பெயரில் ஒரு கிரெடிட் இருந்தது, 1994 முடிவில் காலாவதியானது. 1996 ஆகஸ்ட் 20 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் இப்போதைய கிரெடிட் பிறந்தது. சரியாக இரண்டு நாள் கழித்து, பணஉதவிக்கு ஐந்து வருடக் கால வரம்பு வைத்த இன்னொரு சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். உதவியை நிறுத்தப்போகிறோம், அந்த ஆட்களுக்கு வேலை கொடுப்பவருக்கு ஏதாவது கொடுப்போம் என்ற கணக்கு. அன்றைக்கு வைத்த 6,000தான் 2025இலும். 1996 அக்டோபரில் நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி 4.75 டாலர் ஆனது. அந்தக் கூலியில் 6,000ஐத் தொட 1,264 மணி உழைக்க வேண்டும். 2025இல் உங்கள் கடையில் 388 மணி. கூலி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, உச்சம் மட்டும் நகரவே இல்லை.

இனி 44 வயதுக்காரர். ஃபுட் ஸ்டாம்ப் வகை என்றால் வேலைக்கு எடுக்கும் நாளில் வயது 18க்குக் குறையாமலும் 40 ஆகாமலும் இருக்க வேண்டும். அவருக்கு ஃபுட் ஸ்டாம்ப் வந்தாலும் அந்த வழி அடைபட்டிருக்கும். ஆனால் சிறையில் இருந்து வந்தவர் வகைக்கு வயது வரம்பு கிடையாது. குற்றவாளி என்று தீர்ப்பான நாளில் இருந்தோ விடுதலையான நாளில் இருந்தோ ஒரு வருடத்துக்குள் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்ச்சில் வந்தார் என்பது சரியாக இருந்தால் அந்த ஒரு வருடம் அடுத்த மார்ச் வரை ஓடும், ஆனால் கிரெடிட்டின் ஆயுள் டிசம்பர் 31 வரைதான் என்பதால் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். குற்றம் ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம், என்ற தரத்தில் இருக்க வேண்டும். நியூ ஜெர்சி சட்டத்தில் ஃபெலனி என்ற சொல்லே கிடையாது, இங்கே இண்டைட்டபிள் க்ரைம் என்பார்கள். சின்ன வழக்குகள் இதில் சேராது. அதை அலசிப் பார்ப்பது மாநிலத் துறையின் வேலை, உங்களுடையது இல்லை. அவரிடம் என்ன வழக்கு என்று தோண்டாதீர்கள். டிக் போட்டிருந்தால் அனுப்புங்கள், சான்றிதழ் வந்தால் வந்தது.

இன்னும் அவரிடம் "வேலைக்கு வா" என்று சொல்லவில்லையே? சொல்லியிருந்தால் இதுவும் போச்சு. வாயால் சொன்னாலும் சொன்னதுதான். அவரைப் பற்றிச் சொன்னவர் மூலமாகவும் தகவல் அனுப்பாதீர்கள். கடைக்கு வரட்டும், முதலில் காகிதம், பிறகு பேச்சு. அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை வேலையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 28ஆவது நாள் நவம்பர் 11. அன்று வெட்டரன்ஸ் டே, தபால் நிலையம் மூடியிருக்கும். 10ஆம் தேதிக்குள் அனுப்புங்கள், அல்லது முதல் வாரத்திலேயே அனுப்பி முடித்துவிடுங்கள். தபாலில் அனுப்பினால் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி ரசீதைக் கிளிப் போட்டு வையுங்கள். 8850 போக வேண்டிய இடம் மாநிலத் தொழிலாளர் துறை. படிவத்தின் தலையில் கருவூலம், ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

உங்கள் மனைவியின் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை. 1966இல் இருந்து மத்தியத் தொழிலாளர் துறை ஃபெடரல் பாண்டிங் என்று ஒரு திட்டம் நடத்துகிறது. சிறையில் இருந்து வந்தவர்கள் போன்றவர்களை வேலைக்கு எடுத்தால், அவர்கள் திருடி அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் 5,000 டாலர் வரை ஈடு தரும் பத்திரத்தை முதல் ஆறு மாதத்துக்கு இலவசமாகத் தருவார்கள். மாநில வேலைவாய்ப்பு மையத்தில் கேட்டால் போதும். என் அனுபவத்தில் யாரும் அதை எடுத்துப் பணம் கேட்கும் நிலை வரவில்லை. ஆனால் வீட்டில் நிம்மதி வந்தது.

அக்கா மகன் விஷயம் சுலபம். கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவரின் நெருங்கிய சொந்தங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், சித்தப்பா, மாமா, மாமனார், மைத்துனர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். உங்களிடம் 60 சதவீதம் இருப்பதால் அக்கா மகன் நேராக அதில் விழுகிறான். சொந்தம் இல்லாவிட்டாலும் படிப்பு முடித்துச் சும்மா இருப்பது ஒரு வகையாகாது. நீண்டகாலம் வேலை இல்லாதவர் என்ற வகைக்கு 27 வாரமாவது வேலை இல்லாமல் இருந்து, அந்தக் காலத்தில் வேலையின்மை உதவித்தொகையும் வாங்கியிருக்க வேண்டும். அவனைத் தாராளமாக வேலைக்கு வையுங்கள். கிரெடிட்டை எதிர்பார்க்காதீர்கள்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உதவும். ஃபுட் ஸ்டாம்ப் என்றால் வேலைக்கு எடுக்கும் நாள் வரை தொடர்ந்து ஆறு மாதம் குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டும். கார்டு அம்மா பெயரில் இருந்தாலும் சரி, ஒரே குடும்பமாக இருந்தால் போதும். பணஉதவி, அதாவது இங்கே ஒர்க்ஃபர்ஸ்ட் நியூ ஜெர்சி என்கிறார்களே, அது கடைசி 18 மாதத்தில் ஒன்பது மாதம் வந்திருந்தால் சாதாரண 2,400. தொடர்ந்து 18 மாதம் வந்திருந்தால் தனிக் கணக்கு. முதல் வருடம் 10,000 டாலர் சம்பளத்தில் 40 சதவீதம், இரண்டாம் வருடம் 10,000இல் 50 சதவீதம், இரண்டும் சேர்த்து 9,000 வரை போகும். உங்களைப் போன்ற சிறு கடைக்கு உண்மையில் கணிசமான வகை இதுதான். எஸ்.எஸ்.ஐ. வாங்குபவர்களும், மறுவாழ்வு மையங்கள் அனுப்பும் ஊனமுற்றவர்களும் உண்டு. ஒருவர் பல வகையில் வந்தாலும் ஒரே வகைக்குத்தான் கணக்கு.

சான்றிதழ் வந்த பிறகுதான் கிரெடிட்டை எடுக்க முடியும். வருவதற்குப் பல மாதம் ஆகலாம். வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகு வந்தால் திருத்திய கணக்கு போட்டுக்கொள்ளலாம். எடுக்கும் படிவம் 5884, அதில் வரும் தொகை 3800 என்ற படிவத்துக்குப் போகும். நீங்கள் எஸ் கார்ப்பரேஷன் என்பதால் கம்பெனி இந்தப் பணத்தை வைத்துக்கொள்ளாது, ஒவ்வொருவர் பங்கையும் காட்டும் கே-1 என்ற படிவம் வழியாகப் பங்குதாரர்களுக்குப் போகும். 2,400 என்றால் உங்களுக்கு 1,440, நண்பருக்கு 960. இங்கேதான் ஒரு சிக்கல். நண்பர் கடையை எட்டிப் பார்ப்பதே இல்லை என்கிறீர்கள். வரிச் சட்டத்தின் கண்ணில் இந்தக் கடை அவருக்கு 'பாசிவ்' தொழில். அவருடைய ஐ.டி. சம்பளத்துக்கான வரியில் இந்த 960ஐக் கழிக்க முடியாது, பாசிவ் வருமானத்தின் வரியில்தான் கழியும். அப்படி வருமானம் இல்லையென்றால் அவர் பங்கு அப்படியே தேங்கி நிற்கும். பிறகு "எனக்கு ஏன் வரவில்லை" என்று உங்களிடம் சண்டைக்கு வருவார். இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

முழுத் தொகையும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். எவ்வளவு கிரெடிட்டோ அவ்வளவுக்குச் சம்பளச் செலவில் குறைத்துக் காட்ட வேண்டும். நீங்கள் 22 சதவீத அடுக்கில் இருந்தால் உங்கள் 1,440க்கு எதிராகச் சுமார் 317 டாலர் வரி கூடும், நிகரம் 1,123. அந்த வருடம் வரியே இல்லை என்றால் அரசாங்கம் கையில் பணமாகத் தராது. முந்தைய ஒரு வருடத்தின் வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது அடுத்து வரும் இருபது வருடம் வரை கொண்டுபோகலாம்.

கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், கேட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் சம்பளப் பட்டியலில் ஏற்றி, வரி பிடித்துத்தானே சம்பளம்? கையில் ரொக்கமாகக் கொடுக்கும் கூலிக்கும், ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர் என்று 1099 படிவம் போட்டுக் கொடுப்பதற்கும் இந்தச் சலுகை கிடையாது. பாதி ரொக்கம், பாதி செக் என்று நடத்தும் கடை இந்தப் படிவத்தை அனுப்புவது, வீட்டுக் கதவைத் தானே திறந்து வைத்துக்கொண்டு ஆடிட்டரைக் கூப்பிடுவது மாதிரி.

ஏஜென்சி விஷயம். இதைத் தொழிலாகச் செய்யும் நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய கடைகளுக்கும் ஆள் சப்ளை செய்பவர்களுக்கும் அவர்கள் தேவை. ஒன்பது பேர் வேலை பார்க்கும் டிபன் கடைக்கு இரண்டு பக்கப் படிவத்தை நிரப்ப எதற்குக் கால்வாசி? 2,400இல் 600 டாலர். அதற்கு உங்கள் கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும்.

கடைசியாக ஒரு காலக்கெடு. இந்தச் சட்டத்தின் ஆயுள் 2025 டிசம்பர் 31 வரைதான். அந்தத் தேதிக்குள் வேலையைத் தொடங்கியவர்களுக்குப் பொருந்தும். தொடங்கிய நாள்தான் கணக்கு, அதனால் அக்டோபரில் சேர்ந்தவர் ஜனவரியில் 400 மணியைத் தொட்டாலும் பாதகம் இல்லை. காலாவதி என்பது இந்தக் கிரெடிட்டுக்குப் புதிதும் இல்லை. 2014 முடிவில் ஒருமுறை நின்றுபோய், 2015 டிசம்பர் 18 அன்று கையெழுத்தான சட்டத்தில் அந்த ஆண்டு ஜனவரி முதலே செல்லும் என்று உயிர்கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் "சட்டம்தான் இல்லையே" என்று 8850ஐ வாங்காமல் விட்டவர்கள் பிறகு கையைப் பிசைந்தார்கள். ஜனவரியில் யாரையாவது எடுத்தால், காங்கிரஸ் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், நீங்கள் படிவத்தை வாங்கி 28 நாளுக்குள் அனுப்பிக்கொண்டே இருங்கள். ஒரு தபால் செலவுதான்.

8850ஐ ஐ.ஆர்.எஸ். தளத்தில் இருந்து இறக்கிப் பத்துப் பிரதி எடுத்து, விண்ணப்பப் படிவங்களுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவோடு வையுங்கள். அந்த 44 வயதுக்காரர் வரும்போது உங்கள் அக்கா மகனும் கூடவே வந்தால் அவனுக்கும் ஒன்றைக் கொடுங்கள். அவன் படிவம் உதவாது என்பது நமக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தனக்கு மட்டும்தான் இந்தக் காகிதம் வந்தது என்று நினைக்காமல் இருப்பார்.